புல்மேட்டில் மரம் நடாதீர்கள்

கேள்வி: நீலகிரியில் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை அகற்ற வேண்டும் என்கிறார்கள். பூமி சூடாகிவரும் நேரத்தில், கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் மரத்தை வெட்டலாமா? எங்கள் குழு மேல்பவானி பக்கம் மொட்டையாகக் கிடக்கும் மலைகளில் மரக்கன்று நட விரும்புகிறது. உங்கள் கருத்து?
- வாசகர், கோவை

பதில்: அந்த மலைகள் மொட்டை இல்லை. அவை புல்வெளிகள். மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மலையின் அமைப்பே அதுதான். அதைத் தரிசு என்று எழுதி வைத்த வெள்ளைக்காரர்கள் சீகையையும் கற்பூரத்தையும் கொண்டு வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் மலை மலையாக நட்டோம்.

கார்பன் மரத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? மேல்மலைப் புல்வெளியில் ஓரடி தோண்டிப் பாருங்கள், கரிய மண்ணும் பின்னிக்கிடக்கும் வேரும்தான் இருக்கும். அதன் கார்பனில் பெரும்பகுதி அங்கேதான். கோடையில் தீ பிடித்தால் மேலே இருக்கும் புல் எரியும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள கற்பூரத் தோப்பு எரிந்தால், மரத்தில் சேர்ந்தது புகையாகப் போய்விடும். வறட்சியும் காட்டுத்தீயும் கூடிவரும் காலத்தில் எது பத்திரமான சேமிப்பு? நீங்கள் கன்றுக்குக் குழி தோண்டி மண்ணைக் கிளறினால், உள்ளே இருப்பதில் கொஞ்சம் காற்றுக்கே திரும்பும்.

தண்ணீரையும் பாருங்கள். ஊட்டி அருகே உள்ள கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் கற்பூரம் நட்டு விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். பவானித் தண்ணீரை நம்பியிருக்கும் கொங்கு நாட்டுக்காரர் நீங்கள், இந்த எண்களைச் சாதாரணமாகக் கடக்கக் கூடாது.

அரசின் கணக்கிலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு ஹெக்டேரில் பத்து சதவீதம் மர நிழல் இருந்தால் போதும், எந்த மரமானாலும் வனப்பரப்பு என்று எழுதிவிடுகிறார்கள். சீகைத் தோப்பு அதில் ஏறிவிடும், புல்வெளிக்கு இடமில்லை. 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனை மரப்பரப்பில் சேர்ப்போம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த அவசரத்துக்கு முதலில் பலியாவது இப்படி ‘காலி’யாகத் தெரியும் இடங்கள்தான்.

சரி, எல்லாச் சீகையையும் நாளைக்கே வெட்டிச் சாய்க்கலாமா? கூடாது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டால் பாத்தி கட்டி விதைத்ததுபோல் முளைத்து வரும். பழைய தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மரத்தைக் குறைக்க வேண்டும். புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் சீகையைத்தான் உடனே பிடுங்க வேண்டும், அதுவும் ஒருமுறை அல்ல, வருடா வருடம். இந்தச் சாக்கில் யாராவது சோலை மரத்தில் கை வைத்தால் அதை மன்னிக்கவே முடியாது.

உங்கள் கன்றுகளைக் கோவையின் தெருவோரங்களில் நடுங்கள், நிழல் தேவைப்படுவது அங்கேதான். மலைக்கும் உதவ ஆசையிருந்தால், வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சீகை நாற்றுப் பிடுங்க ஆட்களோடு போங்கள்.