முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம்: காசு கொடுக்குமுன் பத்து பக்கம்

கல்லூரி திறக்கும் நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கத் தொடங்குபவருக்கு என்ன புத்தகம் வாங்குவது? அதனால் மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப். இப்போது இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. பள்ளியில் அந்தப் பாடத்தைத் தொட்டதே இல்லை. ஐ.டி.யில் வேலை பார்க்கும் உறவினர் ஏழு புத்தகங்களை எழுதிக் கொடுத்தார். கடையில் விசாரித்தால் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. எதை வாங்கலாம், எதை விடலாம்? (ஒரு தந்தை, திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்கு ஏழையும் விடலாம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருப்பவை நல்ல புத்தகங்கள்தான். ஆனால் சி மொழிக்கு இரண்டு, பைத்தானுக்கு ஒன்று, ஜாவாவுக்கு ஒன்று, டேட்டா ஸ்ட்ரக்சருக்கு ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒன்று என்று நாலு வருடப் படிப்பை ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார் உறவினர். ஏழாவதாக இருக்கும் 'இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்' பெயரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறும் புத்தகம். 1990-ல் முதலில் வந்து, 2022-ல் நாலாம் பதிப்பு கண்ட பெரிய நூல் அது. அட்டையில் அறிமுகம் என்று போட்டிருக்கும். உள்ளே ஆயிரம் பக்கத்துக்கு மேல், பாதி இடம் கணிதம். ஏற்கெனவே புரோகிராம் எழுதிப் பழகி, கணக்கில் நிரூபணம் போடத் தெரிந்தவருக்குத்தான் அது அறிமுகம். உங்கள் மகளுக்கு இந்த வருடம் அது தலையணைக்கு ஆகும்.

முதலில் முதல் செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் 'டெக்ஸ்ட் புக்', 'ரெஃபரன்ஸ்' என்று இரண்டு பட்டியல் இருக்கும். ரெஃபரன்ஸ் பட்டியலில் உள்ளவற்றை நூலகத்தில் புரட்டினால் போதும். மாணவர் காசு போட்டு வாங்க வேண்டியதில்லை. டெக்ஸ்ட் புக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (அதாவது பாடத்திட்டத்தில்) முதல் செமஸ்டர் பைத்தான் பாடத்துக்குச் சொல்லப்பட்ட முதல் டெக்ஸ்ட் புக், ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்'. அந்தப் புத்தகத்தை ஆசிரியரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிரதி அல்ல. முறையான அனுமதியோடு அவரே தருவது. கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

அந்தப் புத்தகம் பிறந்த கதையை முன்னுரையில் சொல்கிறார். 1999 ஜனவரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஜாவா பாடம் நடத்தத் தயாராகிக்கொண்டிருந்தார். அதற்கு முன் மூன்று முறை நடத்தியும் ஃபெயில் ஆகிறவர்கள் அதிகமாகவே இருந்தார்கள். குறை புத்தகத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது: தடிமன், தேவையில்லாத விவரம். மாணவன் ஐம்பது பக்கத்தைப் படிக்காமல் விடுவதைவிடப் பத்து பக்கத்தைப் படித்து முடிப்பது மேல் என்று முடிவு செய்து, நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பதின்மூன்று நாளில் எழுதி முடித்தார். பிறகு ஒரு பள்ளி ஆசிரியர் அதை ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய புத்தகம். 2024-ல் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. அதன் அத்தியாயங்களை பிரவுசரிலேயே திறந்து அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

இந்த ஒன்றுதான் சரி என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலம் தடுக்கினால் இதுவும் கஷ்டம்தான். அதனால் எந்தப் புத்தகமானாலும் வாங்குமுன் நான் செய்யும் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் முதல் அத்தியாயத்தைப் பார்க்காதீர்கள். எல்லாப் புத்தகத்திலும் முதல் அத்தியாயம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் வரிகளைத் தொகுத்துப் பெயர் வைப்பது) பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, மகளையே இரண்டு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த அத்தியாயக் கடைசிக்குப் போய்ப் பயிற்சியைப் பாருங்கள். "வரையறு", "வேறுபடுத்துக" என்று மட்டும் கேட்டிருந்தால் அது பரீட்சைக்கான புத்தகம். "எழுதிப் பார்", "இந்த நிரல் என்ன விடை தரும், ஏன்" என்று கேட்டிருந்தால் கற்றுக்கொள்வதற்கான புத்தகம். லோக்கல் ஆத்தர் புக் என்று கல்லூரிக்கு எதிரே விற்பதெல்லாம் பெரும்பாலும் முதல் வகை. செமஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதற்கும் பயன் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையே முதல் புத்தகமாக வைத்தால் டூ மார்க் பதில் வரும், புரோகிராம் வராது.

சரி, வகுப்பு தொடங்க இருக்கும் சில வாரங்களில் என்ன செய்யலாம்? நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் சி++ பகுதியை இப்போது விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வரும் எண்முறைகள், சிக்கல் தீர்த்தல் பகுதிகளை மட்டும் படிக்கட்டும். ஆடு, புல்கட்டு, ஓநாய் மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் விவசாயியின் புதிரை வைத்து, ஒரு சிக்கலில் எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்று சொல்லித் தருகிறார்கள். பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் பைத்தான் பகுதி. கம்ப்யூட்டர் குரூப் எடுத்து வரும் மாணவர்களுக்கும் உங்கள் மகளுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இவ்வளவுதான்.

அச்சுப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு மதுரை பக்கம். 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் இருவரும் போய் வாருங்கள். ஏழு புத்தகத்தையும் மேஜையில் பரப்பிவைத்து ஒப்பிடச் செலவு பஸ் டிக்கெட்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் படிப்பை முடித்த அண்ணன் ஒருவர் தன் புத்தகங்கள் எல்லாவற்றையும் 600 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பன்னிரண்டு புத்தகம். லாபமா? (கல்லூரி மாணவர், நாமக்கல்)

பதில்: பாதி லாபம். அந்தக் கட்டில் டிஸ்கிரீட் மேத்ஸ், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். உண்மை-பொய்யை வைத்துப் போடும் கணக்கான பூலியன் அல்ஜீப்ராவுக்கு வயதாவதில்லை. நெட்வொர்க், டேட்டாபேஸ் புத்தகங்களும் அடிப்படைக்கு ஓடும்.

புரோகிராமிங் புத்தகங்களில்தான் கவனம் வேண்டும். பைத்தான் புத்தகமா? முதல் உதாரணத்தில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் அது பைத்தான் 2 காலத்துப் புத்தகம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. புத்தகத்தில் உள்ளபடி அடித்தால் இன்றைய பைத்தானில் முதல் வரியே பிழை காட்டும்.

சி புத்தகமென்றால், புரோகிராமின் தலையில் 'கோனியோ' என்ற ஹெடரும், உள்ளே திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது டாஸ் காலத்து டர்போ சி-க்காக எழுதியது. அந்தக் கம்பைலரில் (நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம். அதனால் 32,767-உடன் ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 32,768 வரும் என்று புத்தகம் சொல்லும். உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக 32,768 என்றே வரும். புத்தகம் தப்பா, நான் தப்பா என்று அரை நாள் போய்விடும். புதிதாகக் கற்பவருக்கு இது தேவையில்லாத தலைவலி. இன்னமும் டர்போ சி வைத்தே லேப் நடத்தும் கல்லூரி உங்களுடையது என்றால் மட்டும் அந்தப் புத்தகம் உதவும் (அப்படியும் கல்லூரிகள் உண்டு).

அண்ணனிடம் 350-க்குப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பைத்தான் புத்தகம் திருட்டுப் பதிப்பு மாதிரி தெரிகிறது. படங்கள் மங்கல், சில பக்கங்களில் ஓரத்து எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது. விற்றவரோ 'இந்தியன் எடிஷன் சார், அப்படித்தான் இருக்கும்' என்கிறார். உண்மையா? (குடும்பத்தலைவி, தாம்பரம்)

பதில்: இந்தியப் பதிப்பு என்பது வேறு, இது வேறு. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் இங்கே முறையான அனுமதியோடு குறைந்த விலையில் அச்சிடும் புத்தகங்கள் உண்டு. அவற்றில் தாள் சுமாராக இருக்கும், வண்ணப் படம் கறுப்பு வெள்ளையாகியிருக்கும். விற்பனை எந்தெந்த நாடுகளுக்கு மட்டும் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இப்படி ஆசியாவில் மலிவாகக் கிடைத்த பாடப் புத்தகங்களை வாங்கி அமெரிக்காவில் விற்ற தாய்லாந்து மாணவர் ஒருவர் மீது பதிப்பகம் வழக்குப் போட்டு, அது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013-ல் மாணவர் பக்கம் தீர்ப்பானது. விலை வித்தியாசம் அந்த அளவுக்கு.

ஆனால் எந்த முறையான பதிப்பிலும் எழுத்து வெட்டுப்படாது. ஓரம் சாய்வது, அட்டை வண்ணம் கலங்கியிருப்பது, விலை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது எல்லாம் ஸ்கேன் செய்து அடித்ததன் அடையாளம். நானும் ஒரு முறை நடைபாதையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். 212-ஆம் பக்கத்துக்கு அடுத்தது 245. நடுவில் இருந்தது பாயின்டர்கள் (நினைவகத்தில் ஒன்று இருக்கும் முகவரியைக் குறித்து வைப்பவை). இன்றுவரை பாயின்டர் சரியாக வராததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: பக்கங்களையும் பில்லையும் படமெடுங்கள். விற்றவரிடம் வாக்குவாதம் வேண்டாம். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். பெரும்பாலும் அதுவரை போகாது. 1915-ல் புகார் எண் வாங்கியதுமே பணம் திரும்ப வந்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 57. வங்கியிலிருந்து ஓய்வு பெறப் போகிறேன். முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. புரோகிராமர் ஆகும் எண்ணமெல்லாம் இல்லை. எனக்கு ஏற்ற புத்தகம் எது? (சேலம்)

பதில்: இந்த முறை எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. சார்லஸ் பெட்சோல்டின் 'கோட்' வாங்குங்கள். 1999-ல் வந்தது, 2022-ல் இரண்டாம் பதிப்பு. புதியதையே கேட்டு வாங்கவும். இரவில் டார்ச் விளக்கை அணைத்து ஏற்றி நண்பனுக்குச் செய்தி சொல்வதில் தொடங்கி, தந்தி, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), லாஜிக் கேட் (ஆம்-இல்லை முடிவெடுக்கும் சிறு சுற்று) என்று படிப்படியாக ஒரு முழுக் கம்ப்யூட்டரையே கட்டிக் காட்டுவார். அவசரமில்லாமல் படிக்க வேண்டிய புத்தகம். பென்சிலும் காகிதமும் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. தமிழிலேயே ஒரு புத்தகம் வாங்கிப் படித்தால் பின்னால் வேலைக்குப் பிரச்சினை வருமா? (பி.எஸ்சி. முதலாண்டு, கள்ளக்குறிச்சி)

பதில்: வராது, ஒரு நிபந்தனையோடு. மேலே சொன்ன மாநிலப் பாடநூல்கள் இரண்டு வழியிலும் உள்ளன. தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் சேர்த்தே இறக்குங்கள். அத்தியாயம் அத்தியாயமாக ஒத்துப்போகும். விளக்கத்தைத் தமிழில் படித்துவிட்டு, அதே பகுதியை ஆங்கிலத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். செயற்கூறு என்றால் ஃபங்ஷன், இனக்குழு என்றால் கிளாஸ், மரபுரிமம் என்றால் இன்ஹெரிட்டன்ஸ் என்று ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதி வாருங்கள். கல்லூரியிலும் இன்டர்வியூவிலும் யாரும் உங்களிடம் மரபுரிமம் பற்றிக் கேட்கப்போவதில்லை. இன்ஹெரிட்டன்ஸ் பற்றித்தான் கேட்பார்கள். பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில்தான் வரும்.

கடையில் தமிழில் கிடைக்கும் மற்ற புத்தகங்களைப் பொறுத்தவரை, மேலே சொன்ன அதே சோதனைதான். அதோடு இன்னொன்று: நிரலை அச்சிட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. அச்சுக் கோக்கும்போது அதை நேராக்கிவிட்ட புத்தகங்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு 'இஃப்' வரிக்குக் கீழே உள்ள வரி உள்தள்ளி இல்லாமல் இருந்தால், அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.