எறும்பு மொய்த்தால்தான் சுகரா?

கேள்வி: வயது 38. தறி ஓட்டுகிறேன். அப்பாவுக்கு சுகர் இருந்தது. எனக்கு அதிக தாகம் இல்லை, ராத்திரியில் எழுந்து ஒன்றுக்குப் போவதும் இல்லை, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பும் வரவில்லை. அப்படியென்றால் எனக்கு சுகர் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாமா? (வாசகர், கரூர்)

பதில்: நினைத்துக்கொள்ள முடியாது சார். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். எறும்பு, தாகம், நாலு தடவை எழுந்து போவது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற கதை. வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 200 என்பதுதான் நோய்க்கான கோடு. வெறும் வயிற்றில் 140 வைத்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் தெரியாமல் வருஷக்கணக்கில் தறி ஓட்டுகிறவர்கள் நிறைய.

பெரிய அறிகுறிகளைத் தேடுகிற நேரத்தில் சின்னச் சின்ன விஷயங்களைப் பாருங்கள். கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருக்கிறதா? அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, தேய்த்தால் போகாது, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அந்தரங்க இடத்தில் அடிக்கடி அரிப்பு, ஆறாத புண், காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாமும் கணக்கில் வரும். கண்ணாடி பவர் சீக்கிரம் சீக்கிரமாக மாறினாலும் சந்தேகப்படுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸும் உப்பி வடியும், அதனால் கண்ணாடி மாற்றுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பார்த்துவிடுவது செலவு மிச்சம்.

அப்பாவுக்கு இருந்தது என்கிறீர்கள், முப்பதைத் தாண்டிவிட்டீர்கள். அறிகுறி எதற்கு? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள்.

கேள்வி: ஆறாம் மாதம் முடியப்போகிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்ததில் 158 வந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அன்றைக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனதால்தான் கூடிவிட்டது என்கிறார் மாமியார். வெளி லேபில் வெறும் வயிற்றில் எடுத்தால் 84. எதை நம்புவது? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: இரண்டையும் நம்பும்மா. வெறும் வயிற்றில் நன்றாக இருந்து, சாப்பிட்ட பிறகு ஏறுவதுதான் நம்மூர்க் கர்ப்பிணிகளிடம் அதிகம் பார்ப்பது. இட்லி மேல் பழி போட வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுக்கும் இந்தச் சோதனையே, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் செய்யலாம் என்று வகுக்கப்பட்டது. இன்சுலின் போதுமான அளவு சுரக்கிற உடம்பு, இட்லியையும் சேர்த்தே இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே இறக்கிவிடும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் முன்வைத்த முறை இது. எங்கிருந்தோ பஸ் ஏறி வரும் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வா என்று சொன்னால் பாதிப் பேர் மறுபடி வரமாட்டார்கள் என்பது புரிந்தவர்கள் செய்த வேலை. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

தொந்தரவு இல்லை என்கிறாய். இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாய்! அடிக்கடி ஒன்றுக்குப் போவது, களைப்பு, பசி எல்லாமே மாசமாக இருக்கிறவளுக்கு எப்படியும் இருக்கும். சிறுநீரில் சர்க்கரை இறங்குவதுகூட இந்த மாதங்களில் நோய் இல்லாமலே நடக்கும். அதனால்தான் முதல் செக்கப்பில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை என்று எல்லாரையும் சோதிக்கிறார்கள்.

ஏன் வந்தது? நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் உன் இன்சுலினை மந்தமாக்குகின்றன, குழந்தைக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உழைத்து ஈடுகட்ட வேண்டும். உன்னுடையது கொஞ்சம் பின்தங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அப்படியே விட முடியாது. உன் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் தாண்டாது, ஆகவே குழந்தை தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக்கிக்கொள்ளும், நாலு கிலோவுக்கு மேல் போய்விட்டால் பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கொடியை அறுத்த பிறகு சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும், குழந்தைக்கு சுகர் சட்டென்று இறங்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடு, குதிகாலில் குத்திப் பார்ப்போம் என்று நர்ஸ் அவசரப்படுவது அதற்காகத்தான்.

சரி, சாப்பாடு. பட்டினி கிடக்காதே. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று குவித்து வைப்பதும் வேண்டாம். காலையில் நாலு இட்லியை ஒரே மூச்சில் சாப்பிடாமல் இரண்டை எட்டு மணிக்கு முட்டையோடு, மீதியைப் பத்தரைக்குச் சாம்பாரோடு சாப்பிடு. சாதத்தைக் குறைத்த இடத்தில் கீரையும் சுண்டலும் வரட்டும். ராகி நல்லதுதான், ஆனால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் விறுவிறுவென்று ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்ற சமாதானமும் செல்லாது, எல்லாம் சர்க்கரைதான். டாக்டர் தடை சொல்லாவிட்டால் சாப்பிட்டதும் கால் மணி நேரம் நட. வளைகாப்பில் ஏழு வகைச் சாதம் வைப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும், சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இரண்டு வாரம் இப்படி இருந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் மாத்திரை அல்லது ஊசி.

கேள்வி: இப்போது இன்சுலின் ஊசி போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டுமாமே? (வாசகி, திருவாரூர்)

பதில்: இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு ஊசியும் நின்றுவிடும். முன்பே கண்டுபிடிக்காமல் சுகர் இருந்தவர்களுக்குத்தான் தொடரும். ஊசி குழந்தையிடம் போகாது, பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரசவம் ஆகி ஒரு மாதம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் நார்மல். இனியும் சோதனை எதற்கு? (வாசகி, சேலம்)

பதில்: ஒருமுறை கர்ப்பத்தில் சுகர் வந்துபோனவர்களுக்குப் பிற்காலத்தில் சுகர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு, அடுத்த கர்ப்பத்திலும் திரும்பலாம். ஆறாவது வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறோம், கைக்குழந்தையோடு யார் போவது என்று பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி அதே வாரத்தில்தான் வரும். அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள். இந்த முறை வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும், பால் கொடுக்கிறவர் என்பதால் டப்பாவில் இட்லி எடுத்துக்கொண்டு போய், இரண்டாவது ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.