ஜூலியின் ஈரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாய்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எங்கள் ஜூலிக்கு 12 வயது. கலப்பினம், 15 கிலோ எடை. பல்லில் காரை கட்டி வாய் நாறியதால் சுத்தம் செய்யக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுக்கும் முன் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் கணக்கு சரியில்லை என்று சொல்லிப் பல் வேலையை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஏ.எல்.பி. என்ற நொதி உச்ச வரம்பைப் போல 6 மடங்கு, ஏ.எல்.டி. என்ற இன்னொரு நொதி 2 மடங்கு. பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, அல்புமின் என்ற புரதம் எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன. ஸ்கேன் எடுக்கவேண்டும், தேவைப்பட்டால் ஈரலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்கிறார் டாக்டர்.

அவளைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், முன்னைவிட அதிகமாகவே. தண்ணீரும் நிறையக் குடிக்கிறாள். வயிறு கொஞ்சம் பெருத்திருக்கிறது, வயதான சதை என்று நினைத்தோம்.

இரவெல்லாம் அலைபேசியில் தேடித் தேடிப் படிக்கிறேன். புற்றுநோய், ஈரல் செயலிழப்பு என்று எங்கு பார்த்தாலும் அதுதான். அவள் சற்று நேரம் கூடுதலாகத் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று போய்ப் பார்க்கிறேன். என் கணவர், “வயசான உசுரு, சோதனை சோதனைன்னு அதை ஏன் படுத்தணும்?” என்கிறார். நான் போட்ட சாப்பாட்டால் வந்ததா இது? எல்லாச் சோதனையும் செய்துதான் ஆகவேண்டுமா? இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஆறுதலுக்காக எழுதிய வரிகள்தான் என்னை நிறுத்தின. முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறாள், நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், வயிறு பெருத்திருக்கிறது. இந்த மூன்றையும் டாக்டரிடம் சொன்னீர்களா? பல் சுத்தத்துக்காகப் போன இடத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நீங்களும் நல்ல அறிகுறி என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நாளைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனாலும் ஏ.எல்.டி.யைவிட ஏ.எல்.பி. வெகுவாக எகிறி நிற்கும் ஒரு முதிய நாய்க்குப் பசியும் தாகமும் கூடியிருக்கிறது என்றால், எந்த டாக்டரும் ஈரலோடு சேர்த்து, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பியையும் யோசிப்பார். குஷிங் நோய் என்பார்கள். அந்தச் சுரப்பி அளவுக்கு மீறி கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கும் நோய் அது. பெரும்பாலான நாய்களில் அதற்குக் காரணம் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சிறு கட்டி. அதற்கு மாத்திரை இருக்கிறது. கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு நல்லபடியாக நாட்களை ஓட்டும் நாய்கள் நிறைய உண்டு. நீரிழிவாக இருந்தாலும் பசியும் தாகமும் கூடும். ஆனால் அதே ரத்த அறிக்கையில் சர்க்கரை அளவு இருக்குமே, அதைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் சொல்வதால் அது குஷிங் ஆகிவிடாது. சொல்லவருவது வேறு. அந்தத் தாளில் ‘ஈரல்’ என்ற தலைப்பின் கீழ் அச்சாகும் எண்கள் எல்லாம் ஈரலின் நோயைச் சொல்வதில்லை. நீங்கள் பயப்படுவது அந்தத் தலைப்பைப் பார்த்து.

ஏ.எல்.டி. ஈரல் செல்களுக்கு உள்ளே இருக்கும் நொதி. செல் காயப்பட்டாலோ எரிச்சலுற்றாலோ ரத்தத்தில் கசியும். நாயின் ரத்தத்தில் இரண்டு, மூன்று நாட்களில் அது பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே ஒருமுறை ஏற்பட்டு ஓய்ந்த காயம் என்றால் சில வாரங்களில் எண் இறங்கவேண்டும். நாய் நன்றாக இருக்கும்போது இரண்டு முதல் நான்கு வாரம் விட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது ஒற்றை அறிக்கையில் ஒருபோதும் தெரியாது.

ஏ.எல்.பி. அதைவிடத் தடம் மாற்றிவிடும். பித்தநாளம் அடைத்தால் கூடும். எலும்பிலிருந்தும் வரும். நாய்களுக்கென்றே கூடுதலாக இன்னொரு வகை உண்டு: ஸ்டீராய்டு பட்டால் ஈரல் சுரக்கும் ஏ.எல்.பி. அது வெளியிலிருந்து கொடுத்த ஸ்டீராய்டாகவும் இருக்கலாம், உடலே சுரந்த கார்ட்டிசாலாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரு கிழ நாய்க்கு ஏ.எல்.பி. பல மடங்கு ஏறி நாங்களும் இதே கலக்கத்தில் இருந்தோம். டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் காதுச் சீழுக்கு ஊற்றிக்கொண்டிருந்த சொட்டுமருந்தில் போய் நின்றார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. காதில் விட்டது ரத்தம்வரை போகும் என்று யார் நினைப்பார்கள்? மருந்தை மாற்றியபின் எண் மெல்ல இறங்கியது.

எனவே முதல் வேலையாக ஒரு தாளில் எழுதுங்கள். ஜூலிக்குக் கடந்த சில மாதங்களில் கொடுத்த மாத்திரை, ஊசி, காது மருந்து, தோலில் பூசிய களிம்பு, மூட்டுவலி மருந்து, சத்துப்பொடி, மூலிகைச் சாறு எல்லாவற்றையும். கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் சில நாய்களின் ஈரலைப் பாதிக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டால் இந்த எண்களை உயர்த்தும். ஆனால் படித்த பயத்தில் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தையும் பலநாள் கொடுத்த ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பட்டியலைக் கொடுங்கள், முடிவை டாக்டர் எடுக்கட்டும். ஈரலுக்கு நல்லது என்று யாராவது சொல்லும் எதையும் இந்த நாட்களில் புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம்.

இரண்டாவது வேலை, தண்ணீரை அளப்பது. காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கணக்கு போதும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது நோயின் தாகம் என்பது மருத்துவக் கணக்கு. 15 கிலோ ஜூலிக்கு அது ஒன்றரை லிட்டர். கூடவே காலையில் அவள் விடும் முதல் சிறுநீரில் கொஞ்சம் பிடித்துக் கொண்டுபோங்கள். ஜூலிக்கு எந்த வலியும் தராத சோதனைகள் இவை.

இனி உங்கள் இரவுகளை எடுத்துக்கொண்ட ஈரல் செயலிழப்புக்கு வருகிறேன். கூரை ஒழுகுகிறது என்பதை வைத்து அடுப்பு எரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. நொதிகள் கூடுவது ஒழுகல். ஈரல் வேலை செய்கிறதா என்று சொல்பவை வேறு எண்கள்: அல்புமின், யூரியா, சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம். செயலிழக்கும் ஈரல் அல்புமினைச் செய்ய முடியாமல் திணறும், யூரியா தாழும், பிலிருபின் ஏறிக் கண்வெள்ளை மஞ்சளாகும். ஜூலிக்கு அல்புமினும் பிலிருபினும் சரியாக இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை ஏன் இப்படிக் கடந்துபோனீர்கள்? எனக்கு உங்கள் கடிதத்தில் மிக நிம்மதி தந்தது அதுதான். முற்றிய ஈரல் சுருக்கத்தில் நொதி எண்கள் கிட்டத்தட்ட வரம்புக்குள் வந்துவிடுவதும் உண்டு, கசிவதற்குச் செல்களே மிச்சமில்லாததால். ஆறு மடங்கு என்றால் ஆறு மடங்கு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தவிர, உடலில் இத்தனை தாராளமாகக் கட்டப்பட்ட உறுப்பு வேறில்லை. முக்கால் பங்கு அளவுக்கு இழந்த பிறகே செயலிழப்பு வெளியே தெரியும். வெட்டியெடுத்தாலும் மிச்சம் ஆரோக்கியமாக இருந்தால் வளர்ந்து இடத்தை நிரப்பும்.

இந்த வேலைத்திறனை நேரடியாகப் பார்க்க விரும்பினால் பித்த அமிலச் சோதனை இருக்கிறது. 12 மணிநேரம் பட்டினி போட்டு ஒருமுறை, சாப்பாடு கொடுத்து இரண்டு மணிநேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். ஜூலிக்கு அது தேவையா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டால் வந்ததா என்று கேட்டீர்கள். பூஞ்சை பிடித்த தானியமோ, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்த பண்டமோ தின்றிருந்தால் ஈரல் அடிபடும். ஆனால் அப்படி அடிபட்ட நாய் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டு வளையவராது. வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். நீங்கள் அன்போடு போட்ட அன்றாடச் சாப்பாட்டால் ஏ.எல்.பி. இப்படி ஏறுவதில்லை. இந்தக் குற்றவுணர்வை விட்டுவிடுங்கள், அது ஜூலிக்கு உதவாது. பயத்தில் புரதத்தையும் குறைத்துவிடாதீர்கள். ஈரல் மீள்வதற்கே புரதம் வேண்டும். நச்சு மூளைக்கு ஏறி நாய் தடுமாறும் நிலையில்தான் அதைக் குறைப்பார்கள்.

ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்துவேன். முதிய நாய்களின் பித்தப்பையில் சளிபோலக் கெட்டியான ஜெல் நிரம்பிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் பித்தப்பை வெடித்தால் நிலைமை கைமீறிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் எடுத்துவிடலாம். ஸ்கேனில் அது தெரியும், அட்ரினல் சுரப்பிகளின் அளவும் தெரியும். வயிற்று மயிரை மழித்து, ஜூலியைப் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த அறிக்கை கைக்கு வருமுன் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘ஈரலில் முடிச்சுகள் காணப்படுகின்றன’ என்று அதில் இருக்கக்கூடும். அதைப் படித்ததும் நெஞ்சு நின்றுவிடும். ஆனால் கிழ நாய்களின் ஈரலில் தீங்கற்ற முடிச்சுகள் தோன்றுவது மிகச் சாதாரணம், தலை நரைப்பதைப் போல வயதோடு வருவது. அந்த முடிச்சுகளே ஏ.எல்.பி.யை உயர்த்தும். தீங்கற்றதையும் புற்றுநோயையும் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. முடிச்சு என்ற சொல்லைப் பார்த்த இரவில் அலைபேசியைத் திறக்காதீர்கள், விடிந்ததும் டாக்டரிடம் கேளுங்கள்.

பயத்தோடு எப்படி இருப்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு நடைமுறை மட்டுமே. நிச்சயமின்மையை நாம் ஒழிக்க முடியாது, அதற்கு நாள் குறிக்கலாம். அடுத்த ரத்தம் எந்தத் தேதியில், ஸ்கேன் எந்தத் தேதியில் என்று டாக்டரோடு முடிவுசெய்து எழுதிவையுங்கள். அதுவரை நீங்கள் கவனிக்கவேண்டியவை இவ்வளவுதான்: கண்வெள்ளையிலோ ஈறிலோ மஞ்சள், சிறுநீர் கரும் ஆரஞ்சு நிறமாவது, நிற்காத வாந்தி, தாரைப் போலக் கறுத்த மலம், ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, வயிறு திடீரென உப்புவது, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது, வலிப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கூடுதலாகத் தூங்குவது இந்தப் பட்டியலில் இல்லை. பன்னிரண்டு வயது நாய் தூங்கத்தான் செய்யும். அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காரும் நேரத்தில் அவளை ஒரு நடை கூட்டிப்போங்கள். உங்கள் பதற்றத்தை அவள் உங்கள் முகத்திலிருந்தும் குரலிலிருந்தும் வாங்கிக்கொள்கிறாள்.

பல் சுத்தத்தை ஒரேயடியாகக் கைவிடவும் வேண்டாம். வாயில் நாட்பட்ட சீழ் இருந்தாலும் ஈரல் நொதிகள் கூடலாம். அறிக்கைகள் வந்தபின், மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று மறுபடி கேளுங்கள். பல் அழுகியிருந்தால் அந்த வலி அவளுக்கு அன்றாடம் இருக்கும். அவள் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எல்லாச் சோதனையும் செய்தே ஆகவேண்டுமா? இல்லை. ஒவ்வொரு படியிலும் டாக்டரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதன் முடிவு எதுவாக இருந்தாலும் நாம் செய்யப்போவது மாறுமா? சிறுநீர், மறு ரத்தம், ஸ்கேன் மூன்றுக்கும் ஜூலி விஷயத்தில் மாறும் என்பது என் எண்ணம். பயாப்சிக்கு அப்படிச் சொல்லமாட்டேன். நாள்பட்ட ஈரல் அழற்சி என்றோ, லாப்ரடார், டாபர்மேன் போன்ற இனங்களில் ஈரலில் தாமிரம் சேரும் நோய் என்றோ சந்தேகம் வந்தால் பயாப்சி இல்லாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. மற்றபடி பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரே சொன்னால், ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. அப்படிப் பொறுத்திருப்பது ஜூலியைக் கைவிடுவதாகாது.

உங்கள் கணவர் சொல்வதிலும் அக்கறை இருக்கிறது. ஜூலியைப் படுத்தக்கூடாது என்கிறார், நீங்களும் அதைத்தானே விரும்புகிறீர்கள். வயதானது என்பதாலேயே விட்டுவிடலாம் என்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். வயது நோயல்ல. மாத்திரையில் அடங்கக்கூடிய ஒன்றை வயது என்று சொல்லிக் கடந்துவிட்டால் ஜூலி வீணாகத் துன்பப்படுவாள். தண்ணீர் அளக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், எது அவளைப் படுத்தும், எது படுத்தாது என்பதை டாக்டர் வாயால் அவரே கேட்கட்டும். எதுவரை போவது என்ற முடிவை அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசி எடுங்கள்.

அன்புடன்