“முதல் நாளே போய்விட வேண்டும்” என்று சொன்னேன், மனைவி இன்சுலினை எண்ணத் தொடங்கிவிட்டாள்

அக்கா, வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு 46 வயது, ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. மகனுக்கு 15, மகளுக்கு 9. எனக்குப் பதினைந்து வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. குளிசையோடு சமாளிக்கிற வகை இல்லை, ஊசி போட்டால்தான் உயிர். ஒரு நாளைக்கு நாலு தரம் போடுகிறேன்.

மூன்று கிழமைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லோரும் இருந்து புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகன் டியூஷனில் பெடியள் வாக்குவாதப்பட்ட ஒரு விஷயத்தைக் கொண்டு வந்தான். உலகம் முழுக்க அணுகுண்டுப் போர் வந்து, புகை மூடி, வெயில் இல்லாமல், 500 கோடி பேர் பட்டினியில் செத்தால், நாங்கள் தப்பி இருக்கிறது நல்லதா, முதலிலேயே போய்விடுவது நல்லதா? மகள் உடனே, தான் கீழ்வீட்டுப் பூனையையும் தூக்கிக்கொண்டு ஒளிந்திருப்பேன் என்றாள். நான் யோசிக்கக்கூட இல்லை. “நான் முதல் நாளே போய்விட வேண்டும், அதுதான் எல்லாருக்கும் நல்லது” என்றேன். மகன் தலையாட்டினான். மனைவி கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

அன்று இரவு பதினொரு மணி போல தண்ணீர் குடிக்க எழும்பினேன். குசினியில் லைட் போடாமல், பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என்னுடைய இன்சுலின் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திகதி பார்த்து எண்ணுகிறாள். காலையில் பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: “6”. போன கிழமை அது “5” ஆகிவிட்டது. ஒரே ஒரு தரம்தான் அதைப் பற்றிக் கதைத்தாள். “அப்ப நாங்கள் என்ன செய்யிறது எண்டு ஒருக்கா எண்டாலும் யோசிச்சனீங்களா?” அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

ஆனால் அக்கா, நான் சும்மா சொன்னதில்லை அது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது, என் மருந்துக்காக அவள் பல்கனியில் மண்பானையைச் சாக்கால் சுற்றி, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரிந்தாள். எனக்குப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. இதை நான் மனைவிக்கே முழுதாகச் சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்கு 16. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வழியில் மழை, காலடி வைக்க இடமில்லாத சனம். எங்களிடம் ஒரு சைக்கிள்தான். காலில் பலம் இல்லாத அம்மம்மாவை அதில் இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். நேரத்துக்குச் சாப்பாடு இல்லாததால் எனக்குச் சீனி இறங்கி, வழியில் விழுந்துவிட்டேன். பிறகு கண் முழித்தபோது நான் சைக்கிள் கரியரில் இருக்கிறேன், அம்மம்மா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறா. அம்மா சுடுதண்ணிப் போத்தலுக்குள் என் மருந்தை வைத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். ஐந்தாவது கிழமை அம்மம்மா காய்ச்சலில் போய்விட்டா. ஒருவரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா இப்போதும் கொக்குவிலில் பெரியக்காவோடு இருக்கிறா, காலையில் கோவில், பின்னேரம் டிவி. அவவும் இதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

எனக்கு நெல் விதைக்கத் தெரியாது, கிணறு வெட்டத் தெரியாது, கணக்குத்தான் தெரியும். நான் இருந்தால் யாரோ ஒருத்தர் எனக்காக நடக்க வேண்டி வரும். நான் நினைப்பது பிழையா? என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் அப்படி ஒரு அழிவில் தப்ப ஆசைப்படத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

ஆலோசகரின் பதில்

தம்பி,

முதலில் நேரடியாக ஒன்று கேட்க வேண்டும், கோபிக்க வேண்டாம். இந்த “போய்விட வேண்டும்” என்ற எண்ணம் அணுகுண்டு வந்தால் மட்டும்தானா, அல்லது சாதாரண செவ்வாய்க்கிழமைகளிலும் வருகிறதா? ஊசியை வேண்டுமென்றே தவறவிட்டதுண்டா? அல்லது கூடப் போட்டால் என்ன என்று யோசித்ததுண்டா? ஆண்டுக்கணக்காக இன்சுலினில் இருப்பவர்களுக்குச் சலிப்பும் களைப்பும் வருவது மிகவும் சாதாரணம். ஆனால் உங்கள் கையில் எப்போதும் ஒரு ஊசி இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். ஒன்றுக்காவது ஆம் என்றால் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். இப்போதே 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி அது, 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும். மனைவியிடமும், கிளினிக்கில் உங்களைப் பார்க்கும் டொக்டரிடமும் அதையே சொல்லுங்கள்.

இல்லை என்றால், சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மகன் சொன்ன கணக்கு டியூஷன் வதந்தி இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் முழு அளவில் அணுவாயுதப் போரில் இறங்கினால், எரியும் நகரங்களின் கரிப்புகை வெயிலை மறைத்து, பயிர் விளையாமல், 500 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டினியால் சாகலாம் என்று 2022இல் நேச்சர் ஃபூட் என்ற ஆய்விதழில் வந்தது. அப்படி ஒன்று நடந்தால் உங்கள் மருந்து தீரும், புதிது வராது, அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் தப்புவது என் கையில் இல்லை என்பது ஒரு பேச்சு. நான் இல்லாவிட்டால்தான் எல்லாருக்கும் நல்லது என்பது வேறு பேச்சு. உங்கள் மனைவி எழும்பிப் போனது இரண்டாவது பேச்சைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

வயிறு நிறைந்திருக்கும்போது, லைட் எரிகிற வீட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம், அநேகம் பேர் உங்களைப் போலத்தான் சொல்வார்கள். 2005இல் எட்டு மாதம் மட்டக்களப்புப் பக்கம் சுனாமி முகாம்களில் வேலை செய்தேன். அங்கே ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர். காலையில் முகாமிலுள்ள பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்தான் தலை இழுத்துப் பின்னிவிடுவார். பதினொரு பிள்ளைகள் வரிசையில் நிற்கும், ஒரே ஒரு சீப்பு, அதிலும் நாலு பல் உடைந்தது. எண்ணெய் இல்லாததால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு இழுப்பார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “சாகத்தான் நினைச்சன் பிள்ளை. விடியுது, இதுகள் தலையை விரிச்சுப் போட்டுக்கொண்டு வந்து நிக்குதுகள்.” எல்லோரும் அப்படி எழும்பினார்கள் என்று சொல்ல வரவில்லை. குடியில் விழுந்து, இரண்டு வருஷத்தில் கரைந்து போனவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் எழும்பினவர்களில் ஒருவராவது வாழ வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு எழும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. யாரோ வந்து முன்னால் நின்றிருப்பார்கள்.

அழிவு வந்தால் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு ஓடும் என்ற படம் எங்கள் எல்லோர் தலையிலும் இருக்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963இலேயே பேரழிவுகளை ஆராய்வதற்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள், என்ரிகோ குவாரன்டெல்லி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். நேரில் போய் ஆராய்ந்ததில் அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, வெறும் பீதி அரிது, இடிபாட்டைத் தோண்டி ஆளை எடுப்பது பெரும்பாலும் அயல்சனம் என்பதுதான். எங்களுக்கு இது புதிதா? மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் நீங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்திருப்பீர்கள், சோப் இல்லாமல் பனங்காயில் உடுப்புத் தோய்த்திருப்பார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, கலியாணமும் நடந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி வெள்ளம் வந்தபோது, கொழும்பில் எத்தனை குசினிகளில் விடிய விடியச் சோற்றுப் பார்சல் கட்டினார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கதை இருக்கிறது. ஈவா சாக்ஸல் என்று பிராக் நகரத்துப் பெண், யூதர், போருக்குத் தப்பி ஷாங்காய்க்கு வந்த இடத்தில் அவருக்கு உங்களுடைய அதே வருத்தம் பிடித்தது. 1941 முடிவில் ஜப்பானியர் நகரத்தை முழுதாகப் பிடித்ததும் இன்சுலின் கிடைக்காமல் போய்விட்டது. கணவர் விக்டர் துணி ஆலை எஞ்சினியர், டொக்டர் இல்லை. இரண்டு பேரும் ஒரு மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இரவலாகக் கிடைத்த ஓர் ஆய்வுக்கூடத்தில், நீரெருமையின் கணையத்திலிருந்து இன்சுலின் பிரிக்கப் பழகினார்கள். மண்ணிறத்தில் ஒரு திரவம் வந்தது. முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பிறகு ஈவா தனக்கே போட்டுக்கொண்டார். தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்த நோயாளிகள் 200க்கு மேற்பட்டவர்கள் போர் முடியும் வரை அந்த மருந்தில் உயிரோடு இருந்தார்கள். ஷாங்காயில் எருமை இருந்தது, புத்தகம் இருந்தது, உலகம் முழுதாக முடியவில்லை, அதுவும் உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஈவா தன்னைச் சுமை என்று நினைத்து ஒதுங்கியிருந்தால் அந்த 200 பேரின் கதை என்ன? அவருக்கு வருத்தம் இருந்ததால்தான் மற்றவர்களுக்கு மருந்து கிடைத்தது.

இப்போது நாவற்குழி.

தம்பி, உங்கள் கடிதத்தில் அணுகுண்டு நாலு வரி, சைக்கிள் பத்து வரி. மகன் வரப்போகிற அழிவைப் பற்றிக் கேட்டான், நீங்கள் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிப் பதில் சொன்னீர்கள். கரியரில் உங்களுக்குக் கிடைத்த இடத்துக்கு அம்மம்மா விலை கொடுத்தா என்று முப்பது வருஷமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள், கணக்குத் தெரிந்த மனிதர், அதனால் மறக்கவும் இல்லை. அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன், அது ஆறுதல் வார்த்தையாகப் போய்விடும். ஆனால் நீங்கள் மயங்கிக் கிடந்த நேரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஒரு வயதான மனிசி அந்த மழையில் சைக்கிளை விட்டு இறங்கியிருக்கிறா. யாராவது இறக்கினார்களா, அவவே இறங்கினாவா? “அவனை ஏத்து” என்று சொன்னது யார்? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, எங்கள் ஊர்க் கிழவிகளை நான் அறிவேன். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியது உங்கள் அம்மா. மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதி வருவது இதைத்தான், எங்கள் போரில் காயப்பட்டது தனித்தனி ஆட்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டன என்று. உங்கள் அம்மாவின் மௌனத்தைக் குற்றச்சாட்டு என்று எடுத்திருக்கிறீர்கள். அவவும் ஏதோ ஒன்றைத் தனியே சுமந்துகொண்டிருக்கலாம்.

பிரிட்ஜ் கதவில் இருக்கிற துண்டை உங்களுக்கு எதிராக ஒட்டியதாக நினைக்க வேண்டாம். 1995இல் அம்மா சுடுதண்ணிப் போத்தலை அணைத்துக்கொண்டு நடந்தா, இப்போது மனைவி குப்பி எண்ணுகிறார். இரண்டும் ஒரே வேலை. இன்று இரவு அவரோடு இருந்து அந்தக் கணக்கைச் சேர்ந்து எழுதுங்கள். ஒரு குப்பி எத்தனை நாளைக்குக் காணும், அடுத்த கிளினிக் எப்போது, ஒரு மாதத்து மருந்தை மேலதிகமாக வைத்திருக்க டொக்டர் எழுதித் தருவாரா, எல்லாவற்றையும். திறந்த குப்பி சாதாரண வெப்பத்தில் நாலு கிழமை வரை தாக்குப்பிடிக்கும், உங்கள் வகைக்கு எவ்வளவு என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். மண்பானைக்குத் தண்ணீர் தெளிக்கிற முறையை மகனுக்கும் பழக்குங்கள், சீனி இறங்கினால் உங்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதையும். சைக்கிள் கதையை மனைவிக்கு முழுதாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டதையும் சொல்லுங்கள், அவருக்கு அது தெரியாது, நீங்கள் தன்னை விட்டுப் போக நினைக்கிறீர்கள் என்றுதான் அவர் விளங்கியிருக்கிறார்.

மகனுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அன்று தலையாட்டினான் அல்லவா, அவன் உங்களைப் பார்த்துத்தான் ஆட்டினான். நீங்கள் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று இல்லை, ஆனால் ஏன் சொன்னீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். 16 வயதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தெரியாமல் அவன் அடுத்த வருஷம் 16 ஆகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல் அம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கள். பின்னேரம் எடுங்கள், டிவி தொடங்க முன்னம். பெரியக்காவிடம் சொல்லி ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று கேளுங்கள், அவ தனியே கதைக்கட்டும். என்ன சொன்னா என்று எனக்கும் எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா