ஸ்கொட் ஸ்டீவன்ஸ் போல வரவேண்டுமாம் என் மகன்

கேள்வி: அக்கா, மகனுக்கு 14 வயது. ஐஸ் ஹொக்கியில் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) ஆடுகிறான். இந்த வருடம் பாடி செக்கிங் (உடம்பால் இடித்து ஆடுவது) உள்ள அணியில் சேர்ந்துவிட்டான். ராத்திரியில் ஸ்கொட் ஸ்டீவன்ஸ் என்ற பழைய வீரர் ஆட்களை இடித்து விழுத்தும் காட்சிகளைத்தான் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். தானும் அப்படி ஆடி, வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல் போவானாம். தகப்பனுக்குப் பெருமை. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஹொக்கியை நிறுத்திவிடட்டுமா?
ஒரு தாய், மார்க்கம்

பதில்: அன்புள்ள தங்கச்சி,

நிறுத்தவேண்டாம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அதை யாரும் சிரித்துத் தள்ள விடாதீர்கள். என் மகனும் டிஃபென்ஸ் ஆடியவன்தான். காலை ஐந்தரை மணிக்கு ரிங்க் வாசலில், கையில் சூடான கோப்பியோடு எத்தனையோ குளிர்காலம் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்டீவன்ஸ் யாரென்று பார்ப்போம். உங்கள் ஊருக்குத் தூரத்து ஆள் இல்லை, ஒன்ராறியோவின் கிச்சினரில் பிறந்தவர். 1982இல், 18 வயதில் வொஷிங்டன் அணிக்குப் போனார். பிறகு ஒரு வருடம் சென்ட் லூயிஸ், அதற்குப் பிறகு கடைசிவரை நியூ ஜேர்சி. மொத்தம் 22 சீசன், 1,635 ஆட்டம். நியூ ஜேர்சியின் கப்டனாக 1995, 2000, 2003 என்று மூன்று முறை என்எச்எல்லின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கப் வென்றார். உங்கள் மகன் போனில் பார்ப்பது இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் ஒரு சில நொடிகளை.

அந்த நொடிகள் எவை என்று எனக்குத் தெரியும். 2000 மே 26, பிளேஓஃப் (சீசன் முடிவில் கப்புக்காக நடக்கும் சுற்று) தொடர் ஒன்றின் ஏழாவது ஆட்டம். பிலடெல்பியாவின் எரிக் லிண்ட்ரோஸ் தலையைக் குனிந்தபடி பக்கோடு (ஹொக்கியில் பந்துக்குப் பதிலான வட்டு) நீலக் கோட்டைத் தாண்டி வருகிறார். ஸ்டீவன்ஸின் தோள் வந்து இறங்குகிறது. லிண்ட்ரோஸுக்கு அதற்கு முன்பே பலமுறை மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. மற்றது 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஸ்டீவன்ஸ் இடித்து எதிரணியின் போல் கரியா ஐஸில் அசையாமல் கிடக்கிறார், பிறகு அதே ஆட்டத்தில் திரும்பி வந்து கோல் அடிக்கிறார். அரங்கமே எழுந்து நின்ற காட்சி அது. அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளையை ஏன் திரும்ப இறக்கினார்கள்? மூளை அதிர்ச்சிகளின் காரணமாகவே கரியா 2011இல் ஓய்வு பெற்றார்.

இரண்டு இடிக்கும் அன்று தண்டனை கிடையாது. ஆனால் 2010இல் என்எச்எல் 48ஆவது விதியைக் கொண்டுவந்து, பக்கவாட்டிலிருந்து தலையைக் குறிவைத்து இடிப்பதைத் தடைசெய்தது. அடுத்த வருடம் அதை இன்னும் இறுக்கியது. பிள்ளைகளின் ஆட்டத்தில் தலையில் பட்டாலே தண்டனை. இதை மகனிடம் நேராகச் சொல்லுங்கள்: அந்த இடியைப் பழகினால் அவன் தண்டனைப் பெட்டியில்தான் உட்கார்ந்திருப்பான்.

அந்தக் காட்சிகளைப் பார்க்கவேண்டாம் என்று மகனைத் தடுக்காதீர்கள், ஒளித்துப் பார்ப்பான். இடி விழுவதற்கு முந்திய பத்து நொடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீவன்ஸ் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எதிராளியோடு எவ்வளவு இடைவெளி வைக்கிறார், எந்தப் பக்கம் அவனைப் போகவிடாமல் ஓரத்துக்குத் தள்ளுகிறார் என்று. டிஃபென்ஸ் ஆட்டக்காரனின் வேலை அந்தப் பத்து நொடிதான். 1993-94 சீசனில் ஸ்டீவன்ஸ் 18 கோலும் 60 அசிஸ்டும் (மற்றவர் கோல் அடிக்கக் கொடுத்த உதவி) எடுத்தார். சும்மா முரடனால் அது முடியாது. இளமையில் ஒரே சீசனில் 200 நிமிடத்துக்கு மேல் தண்டனைப் பெட்டியில் இருந்தவர், கடைசிக் காலத்தில் 50 நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. அப்போதும் அவரைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள்.

சரி, அவருடைய ஆட்டம் எப்படி முடிந்தது என்று மகனுக்குத் தெரியுமா? 2003 பிளேஓஃபில், டாம்பா பே அணியுடனான ஆட்டத்தில், வேகமாக வந்த பக் ஒன்று அவர் தலையில் பட்டது. தொடர்ந்து ஆடினார், கப்பையும் தூக்கினார். அடுத்த சீசனில் 38 ஆட்டம். 2004 ஜனவரிக்குப் பிறகு மூளை அதிர்ச்சியின் பின்விளைவுகளால் அவரால் ஐஸில் இறங்க முடியவில்லை. அவ்வளவு பேரை விழுத்திய மனிதரையும் கடைசியில் தலைதான் நிறுத்தியது.

ஸ்டீவ் மொன்டடோர் என்று இன்னொரு டிஃபென்ஸ் வீரர். 571 என்எச்எல் ஆட்டம் ஆடியவர். 2015 பெப்ரவரியில், 35 வயதில் இறந்துபோனார். அவருடைய மூளையை ரொறன்ரோவில் ஆராய்ந்தபோது சிடிஇ என்ற மூளைச் சிதைவு இருந்தது தெரியவந்தது. மகனைப் பயமுறுத்த இதைப் பாவிக்கவேண்டாம். ஆனால் தகப்பன் இதை அறிந்திருக்கவேண்டும்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். மகனுக்கு 15 வயதில் ஒரு சுற்றுப்போட்டிக்கு முதல் நாள் பயிற்சியில் தலை போர்டில் (ரிங்கைச் சுற்றியுள்ள சுவர்) அடிபட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு இரவு, கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டு இருந்தான். கேட்டபோது, "எழுத்து ஓடுது அம்மா" என்றான். மூன்று நாள் தலையிடியோடு நான்கு ஆட்டம் ஆடியிருக்கிறான். சொன்னால் கோச் அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்று பயந்தானாம். பிள்ளை குணமாகிவிட்டான். ஆனால் அவனை அப்படி நினைக்கவைத்ததில் எங்களுக்கும் பங்கிருந்தது. "வலியைத் தாங்கடா" என்று காரில் வரும்போது நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அதனால் உங்கள் வீட்டில் ஒரேயொரு விதி வையுங்கள். கால் வலி, கை வலி அவன் விருப்பம். தலை என்றால் அன்றே சொல்லவேண்டும், சொன்னதற்காக ஒருபோதும் ஏச்சு விழாது. மறைத்தால் அந்த சீசன் முடிந்தது. இதைத் தகப்பனின் வாயால் சொல்லவையுங்கள். அவன் யாருடைய பெருமைக்காக ஆடுகிறானோ அவர் சொன்னால்தான் ஏறும்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் பிள்ளை ரக்பியில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தாள். அவள் பெயரில் ஒன்ராறியோவில் 2018இல் ரோவன் சட்டம் வந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்கவேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ விடக்கூடாது. மூளை அதிர்ச்சி பற்றிய விளக்கத்தை வாசித்ததாக ஒவ்வொரு சீசனும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். வாசிக்காமல் போடாதீர்கள், மகனோடு இருந்து வாசியுங்கள்.

என்எச்எல் கனவு இருக்கட்டும். 32 அணி, ஓர் இரவுக்கு அணிக்கு ஆறு டிஃபென்ஸ் வீரர்கள். கணக்கை அவனே போடட்டும், பள்ளிக்கூடப் பாடத்தை விடக்கூடாது என்பது தானாக விளங்கும். பார்த்துப் பழக இன்னொருவர் வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ சாராவைக் காட்டுங்கள். ஆறடி ஒன்பது அங்குலம், முரட்டு ஆட்டக்காரர்தான். ஆனால் அதிகம் பாவித்தது நீண்ட ஸ்டிக்கையும் கால்களையும். 45 வயதுவரை 1,680 ஆட்டம், டிஃபென்ஸில் வேறு யாரும் அவ்வளவு ஆடியதில்லை.

அடுத்த பயிற்சிக்கு நீங்களும் போங்கள். இடிக்கப் பழக்குவதற்கு முன்னால், இடிபடும்போது எப்படி நிற்பது என்று பழக்குகிறார்களா என்று கோச்சிடம் கேளுங்கள். போர்டுக்கு நாலைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. பிறகு அணியின் ட்ரெய்னர் (காயங்களைக் கவனிப்பவர்) யார் என்று விசாரித்து, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, மகனின் கண் படுகிற உயரத்தில்.

அன்புடன்,
அக்கா