குட்டி யானைக்கு 55,000 செலவழிப்பதா, புதுசுக்கு டியூ கட்டுவதா?

கேள்வி: சார், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. 2013-ல் எடுத்த டாடா ஏஸ் வைத்திருக்கிறேன். டியூ முடிந்து பல வருஷம் ஆச்சு. எங்கள் தக்காளியோடு அக்கம்பக்கத்தார் லோடையும் வாடகைக்கு மார்க்கெட்டுக்கு ஏற்றுவேன். டீசல் போக மாசம் 22,000 நிற்கும். ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, பிரேக் ஷூ போடுவது எல்லாம் ஐடிஐ படித்த பையனும் நானும் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வோம். போன வருஷம் டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை என்று 38,000 ஆனது. இப்போது வண்டி ஹீட் ஆகி நின்றுவிட்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது, பிஸ்டன் ரிங்கும் மாற்ற வேண்டும், மொத்தம் 55,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். இருக்கிறபடியே கொடுத்தால் 1,10,000-க்குக் கேட்கிறார்கள். மச்சான், "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு, 7 பர்சென்ட்ல ஃபைனான்ஸ் கிடைக்குது, புதுசு எடு மாப்ளே" என்கிறார். 6 லட்சம் கடன், 48 மாதம், மாதம் 16,000. பழைய வண்டியை வேலை பார்ப்பதென்றால் வீட்டுக்காரம்மா நகையை அடகு வைக்க வேண்டும். எதைச் செய்ய?

பதில்: பழைய வண்டியையே வேலை பாருங்கள். ஆனால் மெக்கானிக்கிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

"1,10,000 பெறுமான வண்டிக்கு 55,000 செலவா?" என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். நீங்கள் வண்டியை விற்கப் போகிறவர் என்றால் அது நியாயமான கேள்வி. ஓட்டப் போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. மாதா மாதம் பையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். இந்த 55,000-உடன் போன வருஷம் போல 38,000 மறுபடியும் ஆகும் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 93,000. மாதக் கணக்கில் 7,750. இவ்வளவு மோசமான வருஷத்திலும் பழைய வண்டி புது வண்டியின் டியூவில் பாதிகூட வாங்கவில்லை. அடுத்த வருஷம் இன்ஜின் செலவு இருக்காது. டியூவோ நான்கு வருஷமும் அதே 16,000.

22,000-ல் 16,000 போனால் மிச்சம் 6,000. தக்காளி விலை விழுந்து பறிப்புக் கூலிக்கே கட்டாமல் செடியிலேயே விடுகிற மாதம் வரும் அல்லவா, அன்று லோடும் இருக்காது, வாடகையும் இருக்காது. டியூ தேதி மட்டும் வந்து நிற்கும்.

மச்சான் சொல்கிற 7 பர்சென்ட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 6 லட்சத்துக்கு 7% என்றால் வருஷம் 42,000, நான்கு வருஷத்துக்கு 1,68,000. அசலோடு சேர்த்து 7,68,000. அதை 48-ஆல் வகுத்தால் சரியாக 16,000. ஆக இது ஃபிளாட் வட்டி. மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய 6 லட்சத்துக்கே கடைசி வரை வட்டி போடுகிறார்கள். குறைகிற அசலுக்குத்தான் வட்டி என்று வங்கி போடுகிற 'டிமினிஷிங்' முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 12.7%. உண்மையான 7% என்றால் மாதத் தவணை 14,400-க்குள் முடிந்துவிடும். நான்கு வருஷத்தில் வித்தியாசம் 78,000 ரூபாய். உங்கள் இன்ஜின் வேலையே அதற்குள் அடங்கிவிடும். எங்கே கடன் வாங்கினாலும் "ஃபிளாட்டா, டிமினிஷிங்கா?" என்று முதலில் கேளுங்கள்.

ஜிஎஸ்டி குறைந்தது நிஜம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு 28% வரி 18% ஆனது. ஆனால் டீலர் உங்களுக்குச் சொன்ன விலை அது போகத்தான். ஏற்கெனவே கழித்ததை மறுபடியும் லாபக் கணக்கில் எழுதக் கூடாது. அதே நாளில் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் வரி 18% ஆகிவிட்டது, அதை மச்சான் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டு வாசல் வேலைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அதில் மிச்சமாவது மெக்கானிக் கூலி என்று நினைத்திருந்தால், அது சின்னத் தொகை. ஆயிலும் ஃபில்டரும் எப்படியும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். வண்டிக்கு அடியில் வாரம் ஒரு முறை கண் போகிறதே, அதுதான் பெரிய மிச்சம். அந்தக் கண் இந்த முறை ரேடியேட்டர் பக்கம் போகவில்லை என்று சந்தேகப்படுகிறேன். ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணி என்றால், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்திருக்கும். வண்டி நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). வெள்ளைப் படிவோ, செங்கல் நிறத்தில் துருச் சேறோ ஒட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. இன்ஜினைச் சரிசெய்து அதே ரேடியேட்டரைத் திரும்ப மாட்டினால் இந்த 55,000 இன்னொரு முறை வரும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ் பைப் மூன்றையும் பார்த்துவிட்டு, இனிமேல் கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். சாவி போடுவதற்கு முன் கூலன்ட் அளவு, ஆயில் குச்சி இரண்டையும் பார்க்கும் வேலையைப் பையனிடம் விடுங்கள்.

நான் சில வருஷம் வண்டிக் கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே 'சீஸ்' என்ற சொல்லை இரண்டு விதமாகக் கேட்பேன். டியூ கட்டாததால் சீஸ் ஆன, அதாவது பறிமுதலான வண்டி ஒன்று, ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆன, அதாவது இறுகி நின்ற வண்டி இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவது நடந்த வண்டிக்குத்தான் மூன்று மாதத்தில் முதலாவதும் நடக்கும். வண்டி நின்றால் வாடகை இல்லை, வாடகை இல்லாமல் டியூ எப்படிக் கட்டுவது?

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன்: ஒரு நடைக்கு எத்தனை பெட்டி? ஏஸ் ஏறக்குறைய முக்கால் டன் ஏற்றுகிற வண்டி. பதினான்கு கிலோ பெட்டி ஐம்பது ஏற்றினாலே 700 கிலோ. 90 பெட்டி அடுக்கினால் 1,260. கூடுதல் 40 பெட்டியின் வாடகை அன்றைக்குக் கையில் தெரியும். கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை, டயர், சூடாகும் இன்ஜின் எல்லாம் பிறகு பில்லாக வரும். அதிக பாரத்துக்குச் சட்டப்படி அபராதம் 20,000-ல் ஆரம்பிக்கிறது, கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. போன வருஷ 38,000-ல் எவ்வளவு இந்தக் கூடுதல் பெட்டிகளின் வேலை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வாசலில் செய்யக் கூடாதது எது? கிரீஸ், ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரில் தண்ணி இறக்குவது, பெல்ட், பல்பு எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். பிரேக் ஷூ போட்டால், வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, பிரேக் லைனில் ஏர் எடுத்து, தெருவிலேயே இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் லோடு ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பட்டறைக்கே விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மண் வாசலில் ஜாக்கி சாயும். கெட்டியான ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகே தலை உள்ளே போக வேண்டும். ஆஸ்பத்திரி பில்லை எந்த வாடகையும் கட்டாது.

நகை விஷயம். வங்கியில் நகைக்கடன் வைத்தால் தப்பில்லை. 10% வட்டி என்றே வைத்தாலும் 55,000-க்கு வருஷ வட்டி 5,500 தான். விவசாயக் கடன் என்று எழுதி வாங்காதீர்கள், இது வண்டிச் செலவு. கடைசி நாளில் மொத்தமாகத் திருப்பலாம் என்று விடாமல், மாதம் 7,000 கொண்டுபோய்க் கட்டினால் எட்டு ஒன்பது மாதத்தில் நகை வீடு வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த 7,000-ஐ நிறுத்தாதீர்கள். இரண்டாயிரத்தை வண்டிச் செலவுக்கென்று தனியாக வையுங்கள், ஐயாயிரத்துக்கு ஆர்.டி. போடுங்கள். இரண்டு வருஷத்தில் அசல் மட்டும் 1,20,000. அன்று புதுசு எடுத்தால் முன்பணம் கூடும், கடன் குறையும்.

ஏனென்றால் இந்த வண்டி என்றென்றைக்கும் ஓடாது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், வயது ஏற ஏறக் கட்டணமும் கூடுகிறது. 2028-ல் உங்கள் வண்டிக்கு 15 வயது. அதற்குள் மாற்றுவதாகத் திட்டமிடுங்கள். நடுவில் சேஸிஸில் துரு தின்ன ஆரம்பித்தாலோ, மாதம் நாலு நாள் வண்டி பட்டறையில் நின்றாலோ காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக மெக்கானிக்கிடம் பேச வேண்டியது. முழுப் பணத்துக்கும் ஒப்புக்கொள்ளாமல், முதலில் ஹெட்டை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். அதை லேத்தில் கொடுத்து, வளைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பையனைப் பக்கத்தில் நிற்க வையுங்கள், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் பிளாக்கிலேயே விரிசல் என்று சொல்லி பில் 80,000-ஐத் தாண்டினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள். அப்போதும் அந்த ஃபிளாட் கடன் வேண்டாம். நாலைந்து வருஷம் ஓடிய வண்டி ஒன்றை, ஹெட்டைக் கழற்றிய அதே மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்து எடுங்கள்.