‘எங்கள் போலீஸ் வராது!’ - வாசகர் கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் சில நகரங்கள் மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்துக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று தீர்மானமே போடுகின்றனவே, அந்த மேயர்களைக் கைது செய்ய மாட்டார்களா?
- வாசகர், திருச்சி

ப: சட்டத்தை மீறினால்தானே கைது? அந்த நகரங்கள் கை கொடுக்க மறுக்கின்றன, அவ்வளவுதான். வாஷிங்டன் தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து அமல்படுத்தலாம்; மாநில, உள்ளாட்சி ஊழியர்களை அதற்கு வேலை வாங்க முடியாது. இதை அடித்துச் சொன்னது 1997-ல் உச்ச நீதிமன்றம் தந்த பிரின்ட்ஸ் வழக்குத் தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், அது துப்பாக்கி வழக்கு. கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் போலீஸ் தலைவரான ஷெரீஃப் விசாரிக்க வேண்டும் என்றது 1993-ன் பிரேடி சட்டம். மொன்டானா, அரிசோனா ஷெரீஃப்கள் இருவர் எதிர்த்து, 5-க்கு 4 என்று ஜெயித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த ஸ்கேலியா. இன்று குடியேறிகளுக்காக நிற்கும் மேயர்களுக்கும் அதுவே கேடயம்.

ஆனால் ஆளை ஒளித்து வைத்தாலோ, ஏஜென்டுகளை மறித்தாலோ கதை வேறு. அது தனிக் குற்றம்.

கே: நடைமுறையில் எதை மறுக்கிறார்கள்?
- வாசகி, மதுரை

ப: சண்டை பெரும்பாலும் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) சிறையில்தான். கைதானவரின் கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும்; அங்கிருந்து தானாகவே, குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடும். ஆள் சிக்கினால் சிறைக்கு ஐ-247ஏ படிவம் வரும். விடுதலை நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், விடுதலைக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்று கேட்பார்கள். கூடவே ஒரு வாரன்ட். அதன் அடியில் பாருங்கள்: கையெழுத்து குடியேற்ற அதிகாரியுடையது, நீதிபதியுடையது அல்ல. சிக்கலே அங்கேதான். விட வேண்டியவரை அந்தத் தாளை நம்பிப் பூட்டி வைத்தால், அது புதிய கைது. ஓரிகனின் கிளாக்கமாஸ் கவுன்டி ஒரு பெண்ணை அப்படித்தான் வைத்திருந்தது. ஜாமீன் கட்டினாலும் விட மாட்டோம் என்றது. அது அரசியலமைப்புக்கு விரோதம், பொறுப்பு கவுன்டியுடையதே என்று 2014-ல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல கவுன்டிகள் நீதிபதி வாரன்ட்டைக் கேட்க ஆரம்பித்தன. கொள்கை ஒருபுறம் இருக்கட்டும், நஷ்டஈட்டுப் பயமும் இதில் கணிசம்.

கே: என் உறவினர் விசா முடிந்தும் அப்படியொரு நகரில்தான் இருக்கிறார். பயமில்லைதானே?
- வாசகர், நாகர்கோவில்

ப: பயம் உண்டு. மத்திய ஏஜென்டுகள் எந்த ஊரிலும் தாங்களே கைது செய்யலாம். விசா ஸ்டாம்ப்பை விட்டுவிட்டு, ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் தங்க அனுமதித்த கடைசித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக, அதற்கு மேல் 180 நாள் தாண்டித் தங்கியபின் வெளியேறினால் 3 ஆண்டு, ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு திரும்பி வரத் தடை. எனவே டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பார்ப்பது அவசியம்.

கே: மாநிலச் சட்டத்தையும் இப்படி மறுக்கலாமா?
- வாசகர், கோவை

ப: முடியாது. கவுன்டியையும் நகரத்தையும் படைப்பதே மாநிலம்தான். அங்கே பிரின்ட்ஸ் உதவாது. டெக்சாஸின் 2017 சட்டப்படி, ஐ-247ஏ படிவத்துக்கு இணங்காத ஷெரீஃப் மீது கிரிமினல் வழக்கே வரும், பதவியும் போகலாம். ஒத்துழைப்பைத் தடுக்கும் உள்ளாட்சிக்கு முதல் மீறலுக்கு 1,000 முதல் 1,500 டாலர் அபராதம். அடுத்தடுத்த மீறல்களுக்கு 25,000 டாலருக்குக் குறையாது. துப்பாக்கிப் பிரியர்களுக்கும் இதே கதிதான்: துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்த மாட்டோம் என்று ஓரிகனின் கொலம்பியா கவுன்டி போட்ட விதியை 2023-ல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது.